ஒரு போர், இரு செய்தி: சோழர் மெய்க்கீர்த்தியும் கன்னடச் சாசனங்களும்

அரியலூர் மாவட்டத்து ஜெயங்கொண்டம் தன் பெயரிலேயே ஒரு செய்தியைத் தாங்கி நிற்கும் ஊர். ஜயங்கொண்ட சோழபுரம் என்னும் பழம்பெயர் மக்கள் வழக்கில் குறுகி இவ்வாறு ஆயிற்று. வெற்றி கொண்ட சோழனின் ஊர் என்பது அதன் பொருள். யாரை வென்றான், எங்கு வென்றான், தோற்றவன் அதனைத் தோல்வியென ஒப்பினானா என்னும் வினாக்களுக்கு ஊர்ப்பெயர் விடை கூறாது. இவ்வூர்க்கு அணித்தே கங்கைகொண்ட சோழபுரம் உள்ளது. அதுவும் வெற்றிச் செய்தியே பெயரானது. அதனைச் சூழ்ந்த உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் முதலிய சிற்றூர்ப் பெயர்கள் ஒரு பேரரசின் தலைநகர் ஈண்டு இருந்தமையை இன்றும் அறிவிக்கின்றன. ஆயின், அத்தலைநகரில் நிகழ்ந்த ஒரு பெரும் நிகழ்ச்சியை, அரசன் ஒருவன் கலகத்தில் மாண்டதை, விரித்துக் கூறும் நூல் தமிழ்நூலன்று. காசுமீர நாட்டிற் பிறந்து, கன்னட நாட்டு அரசவையில் அமர்ந்து, வடமொழியிற் பாடிய புலவர் ஒருவரின் நூலே அது.

பல மொழி வழங்கும் நாட்டில் ஒரு நிகழ்ச்சி ஒவ்வொரு மொழியினர்க்கும் ஒவ்வொரு செய்தியாகச் சென்று சேர்கின்றது என்பதை இக்காலப் பத்திரிகைகளைக் கொண்டு பலரும் பேசுவர். இது பத்திரிகை தோன்றிய பின் ஏற்பட்ட நிலையன்று என்பதும், பதினோராம் நூற்றாண்டுச் சோழ சளுக்கியப் போர்களைப் பற்றிய சாசனங்களில் இதன் இயல்பனைத்தையும் தெளிவுறக் காணலாம் என்பதும், தமிழ் ஆய்வாளர் இதனை உணராது ஒருமொழிச் சான்று கொண்டே முடிவு கூறுதல் பொருந்தாது என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

மெய்க்கீர்த்தி என்னும் செய்திமுறை

மெய்க்கீர்த்தியைப் புகழ்ப்பாடல் என்றே மாணவர் கற்கின்றனர். அது முழு உண்மையன்று. முதலாம் இராசராசன் காலந்தொட்டு அரசன் வெற்றிகளை ஒரு வரையறுத்த தொடர்நடையில் அமைத்துக் கல்வெட்டுக்களின் தொடக்கத்திற் பொறிக்கும் வழக்கம் நிலைபெற்றது. ஆட்சியாண்டு ஏற ஏற அத்தொடர் நீண்டுகொண்டே செல்லும். முதலாம் இராசேந்திரன் மெய்க்கீர்த்தியை ஆட்சியாண்டு வரிசையில் வைத்து நோக்கினால், இடைதுறை நாடு, வனவாசி, ஈழம், கங்கை, கடாரம் என வெற்றிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்பெறுவதைக் காணலாம். ஒரு வெற்றி எந்த ஆண்டுக் கல்வெட்டில் முதன்முதல் தோன்றுகிறதோ, அதனைக் கொண்டே அப்போரின் காலத்தை வரலாற்றாசிரியர் வரையறுக்கின்றனர்.

அஃதாவது, அரசவையில் அமைக்கப்பெற்ற வாசகம் நாடெங்கும் அனுப்பப்பட்டது. ஊர்தோறும் கோயிற் சுவரிற் பொறிக்கப்பட்டது. புதிய நிகழ்ச்சி நேருந்தோறும் திருத்தி நீட்டப்பட்டது. நிலக்கொடையும் விளக்கெரிக்க ஆடும் பதிவு செய்ய வந்த ஊரார், அதன் முகப்பில் அரசன் போர்ச் செய்தியையும் கேட்டனர். எழுத்தறியாதார்க்கும் அது படித்துக் காட்டப்பெற்றிருக்கலாம். இத்தகைய ஒழுங்குடைய அமைப்பினைச் செய்திமுறை என்றல் மிகையாகாது. கன்னட நாட்டிலும் இதற்கு நிகரான வழக்கம் இருந்தது. அங்கும் கொடைச் சாசனத்தின் முகப்பில் அரசன் விருதுகளும் வெற்றிகளும் கன்னட நடையிற் கூறப்பெற்றன. இரு நாட்டினரும் ஒரே போரைப் பற்றித் தத்தம் மொழியில், தத்தம் மக்கட்கு எழுதினர். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்து மறுக்கும் நிலை இல்லை. எல்லை கடந்து வந்து கேட்பவர் இலர் என்னும் துணிவு இரு சார் எழுத்திலும் உண்டு.

பொற்பூவும் ஒன்பது இலக்கம் படையும்

முதலில் ஒட்டூர்ச் சாசனத்தைக் காண்போம். தார்வார்ப் பகுதியில் கிடைத்த இக்கன்னடக் கல்வெட்டு கி.பி. 1007 ஆம் ஆண்டைச் சார்ந்தது. மேலைச் சளுக்கிய மன்னன் சத்தியாசிரயன் காலத்தது. சோழர் படை ஒன்பது இலக்கம் வீரருடன் வந்து நாட்டைச் சூறையாடிற்று; பெண்டிரையும் சிறுவரையும் அந்தணரையும் கொன்றது; பின்னர்ச் சத்தியாசிரயன் அப்படையைத் துரத்தி அதன் பொருள்களைக் கைப்பற்றினான் என்பது அது கூறும் செய்தி. அவனை அச்சாசனம் தமிழர்க்குக் கொள்ளைநோய் அனையவன் என்னும் பொருள்படும் விருதாற் சுட்டுகின்றது. திகுளர் என்பது அங்குத் தமிழரைக் குறிக்கும் சொல்.

இனி, தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களை நோக்குவோம். சத்தியாசிரயனை வென்று மீண்ட இராசராசன் இறைவன் திருவடியிற் பொற்பூக்கள் இட்டு வணங்கிய செய்தி அங்குப் பதிவாகியுள்ளது. மெய்க்கீர்த்தியோ இரட்டபாடி ஏழரை இலக்கம் கொண்டதை வெற்றி வரிசையிற் சேர்க்கின்றது.

ஒரே படையெடுப்பு தஞ்சையிற் பொற்பூவாகவும் ஒட்டூரிற் பிணக்குவியலாகவும் செய்தியாயிற்று. இவற்றுள் எது பொய்? இரண்டினையும் முற்றப் பொய்யென்று தள்ளுதற்கு இடமில்லை. சோழர் படை அங்குச் சென்றமையை இரு சாராரும் ஒப்புகின்றனர். வெற்றி யாருடையது என்பதிலேயே மாறுபாடு. எண்களையும் ஈண்டுக் கருத வேண்டும். ஒன்பது இலக்கம் என்பது வீரரை எண்ணிக் கண்ட தொகையாதல் அரிது. அஞ்சத்தக்க பெரும்படை என்பதே அதன் கருத்து. ஏழரை இலக்கம் என்பதும் சளுக்கிய நாட்டிற்கு வழங்கிய மரபுத் தொகை. அந்நாடு முழுதும் சோழர் கைப்பட்டதெனப் பொருள் கொள்வதற்கில்லை. தமக்கு வேண்டிய பேரெண்ணை இரு மொழியாரும் தெரிந்தெடுத்தனர் என்பதே உண்மை.

பெண்டிரும் சிறுவரும் இறந்தனர் என்னும் ஒட்டூர்ச் செய்தியைத் தமிழறிஞர் சிலர் பகைவன் கூற்று எனக் கூறி எளிதிற் கடந்து செல்வர். பகைவன் கூற்று என்பது ஐயுறுதற்குக் காரணமாகுமே யன்றி, கேளாது விடுதற்குக் காரணமாகாது. சூறையாடப்பட்ட ஊரின் துயர், சூறையாடிய படையின் மொழியிற் பதிவாவதில்லை. அதனைக் கேட்க வேண்டின் மற்றவர் மொழிக்கே செல்லல் வேண்டும்.

கொப்பத்துப் போர்

கி.பி. 1054 ஐ ஒட்டி நிகழ்ந்த கொப்பத்துப் போர் இதனினும் விளக்கமான சான்று. முதலாம் இராசாதிராசனும் அவன் தம்பி இரண்டாம் இராசேந்திரனும் சளுக்கிய மன்னன் முதலாம் சோமேசுவரனாகிய ஆகவமல்லனோடு பொருத போர் அது. இரண்டாம் இராசேந்திரன் மெய்க்கீர்த்தி அப்போரை விரிவாகக் கூறுகின்றது. பகைவர் அம்புகள் யானையையும் அரசனையும் தைத்தமை, பகைப்படைத் தலைவர் பலர் பெயர் குறிக்கப்பட்டு வீழ்ந்தமை, ஆகவமல்லன் புறங்கொடுத்தமை, யானைகளும் குதிரைகளும் மகளிரும் கைப்பற்றப்பட்டமை, போர்க்களத்திலேயே இராசேந்திரன் முடிசூடிக்கொண்டமை ஆகியன அதன் செய்திகள். தமையன் களத்தில் மாண்டமைக்கு அவ்வாசகத்தில் முதன்மையில்லை. களத்தில் முடிசூட வேண்டிய தேவை ஏன் நேர்ந்தது என்னும் வினாவைக் கேட்போர் தாமே எழுப்பி, தாமே விடை காண வேண்டியிருந்தது.

கன்னடப் பக்கத்தில் அண்ணிகேரி, காவரவாடு ஆகிய ஊர்களின் சாசனங்கள் உள்ளன. இவை கி.பி. 1071 ஐ ஒட்டியவை. போர் நிகழ்ந்து பதினேழு ஆண்டுகட்குப் பின் எழுந்தவை. தன் குல ஒழுக்கம் துறந்த சோழன் பெள்வொல நாட்டிற் புகுந்து சமணக் கோயில்களை எரித்தான். அத்தீவினைப் பயனாகச் சோமேசுவரனுக்குத் தன் தலையைக் கொடுத்தான் என அவை கூறும்.

ஈண்டு மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, இறந்தான் சோழன் என்பது தமிழ்ப் பக்கத்தாலும் உறுதிப்படுகின்றது. பிற்காலத் தமிழ்க் கல்வெட்டுக்கள் இராசாதிராசனை 'யானைமேல் துஞ்சிய' பெருமான் எனக் குறிக்கின்றன. உடனடிச் செய்தியிற் பின்னிடப்பட்டது, காலம் சென்ற பின் சிறப்புப் பெயராக மாறி வெளிப்பட்டது. துஞ்சுதல் என்னும் மங்கலச் சொல் தோல்வியின் சாயலையும் துடைத்துவிட்டது. இரண்டாவது, கன்னடச் சாசனங்கள் சோழன் இறந்ததை மட்டும் கூறிப் போர்க்களம் இறுதியில் யார் கையில் இருந்தது என்பதைக் கூறாது விடுகின்றன. தமிழ்ச் செய்தி போரின் முடிவைப் பற்றியது. கன்னடச் செய்தி போரின் நடுவைப் பற்றியது. இருவரும் தமக்குத் தகுந்த இடத்திற் கதையை நிறுத்திக்கொண்டனர்.

மூன்றாவதே மிகவும் கருதத்தக்கது. சோழன் இறப்பை விரித்துரைத்த கன்னடச் சாசனங்கள் போர்ச் சாசனங்கள் அல்ல. அழிந்த சமணக் கோயிலைப் புதுக்கி அதன் கொடைகளை மீட்டளித்த சாசனங்கள். கோயிலை எரித்தவன் என்ன ஆனான் என்பது அச்சமணர்க்கு இன்றியமையாத செய்தி. ஆதலின், மொழியினம் என்பது ஒரு முகமுடையதன்று. ஒரு மொழிக்குள்ளும் யார் கேட்க விரும்பினர், யார் எழுதச் செய்தனர் என்பதே செய்தியின் வடிவை முடிவு செய்கின்றது. கன்னடர் இவ்வாறு கருதினர், தமிழர் அவ்வாறு கருதினர் எனப் பொதுப்படக் கூறும் ஆராய்ச்சி இந்நுட்பத்தை இழந்துவிடும்.

வாராத பகைவன்

வீரராசேந்திரன் காலத்து மணிமங்கலக் கல்வெட்டு, அவனது ஐந்தாம் ஆட்சியாண்டில், கி.பி. 1067 ஐ ஒட்டிப் பொறிக்கப்பட்டது. ஆகவமல்லன் மீண்டும் போர் செய்வதாக ஓலை விடுத்துக் களமும் குறித்தான், சோழன் அவ்விடம் சென்று ஒரு திங்களளவும் காத்திருந்தான், சளுக்கியன் வரவில்லை, அதனால் அவன் உருவம் செய்து இழிவுபடுத்தி, துங்கபத்திரைக் கரையில் வெற்றித்தூண் நாட்டினான் என்பது அது கூறும் செய்தி. அஞ்சி ஓடியவன் என்னும் கருத்தே அவ்வாசகம் முழுதும் ஒலிக்கின்றது.

சளுக்கியப் பக்கத்துச் சான்றுகள் வேறொன்றைக் கூறுகின்றன. கி.பி. 1068 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆகவமல்லன் குருவத்தி என்னுமிடத்தில் துங்கபத்திரை ஆற்றில் மூழ்கி உயிர் நீத்தான். தீராக் காய்ச்சலால் வருந்தி, தென்னாட்டுக் கங்கையென மதித்த அவ்வாற்றில் இறங்கி முடிவெய்தினான் எனப் பில்கணர் பாடுவர். சாசனங்களும் அவ்விடத்தில் அவன் சமயநெறியின்படி உயிர் விடுத்ததைக் குறிக்கின்றன. அவன் களத்திற்கு வாராமைக்கு இந்நோயே காரணமாகலாம் என வரலாற்றாசிரியர் கருதுவர். இது முடிந்த முடிபன்று. ஆயினும் மிகவும் பொருந்துவது.

ஒரே ஆற்றங்கரை, ஏறக்குறைய ஒரே காலம். ஒரு மொழியில் அவன் கோழை. மற்றொரு மொழியில் நோயுற்ற அரசன். தமிழ்க் கல்வெட்டைப் பொறித்தவர் நோயை அறிந்தும் மறைத்தாரோ, அறியவே இல்லையோ நாம் கூறுதற்கில்லை. அறியாமலிருந்திருப்பின், அதுவும் மொழி எல்லையின் விளைவே. பகைவன் பாசறையிற் பேசப்படுவது தன் பாசறைக்கு எட்டாதபோது, வாராமைக்கு அச்சம் ஒன்றே காரணமாகத் தோன்றும். செய்தி கோணுவதற்குப் பொய்யுரைக்கும் நோக்கம் வேண்டுவதில்லை; மற்றவர் மொழியிற் கேட்கும் செவி இல்லாமையே போதும்.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கலகம்

இனித் தொடக்கத்திற் சுட்டிய நிகழ்ச்சிக்கு வருவோம். பில்கணர் இயற்றிய விக்கிரமாங்கதேவ சரிதம் பதினெட்டுச் சருக்கங்களையுடையது. ஆறாம் விக்கிரமாதித்தனைத் தலைவனாகக் கொண்டது. செருமானிய அறிஞர் பியூலர் 1874 இல் செய்சல்மேர்ச் சமண நூல்நிலையத்தில் இதன் ஏட்டினைக் கண்டு 1875 இல் பதிப்பித்தார். அந்நூலின்படி, சோழ மன்னன் தானே சமாதானம் நாடி விக்கிரமாதித்தனுக்குத் தன் மகளை மணம் செய்து கொடுத்தான். சோழன் இறந்தபின் நாட்டிற் கலகம் எழுந்தது. விக்கிரமாதித்தன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்திற்கும் வந்து, கலகத்தை அடக்கி, மைத்துனனை அரியணையில் அமர்த்தி மீண்டான். அவன் மீண்ட சின்னாளில் மீண்டும் கலகம் மூண்டு மைத்துனன் கொல்லப்பட்டான். வேங்கி நாட்டு இராசிகன் அரசைக் கவர்ந்தான். மைத்துனன் அதிராசேந்திரன் எனவும், இராசிகன் முதற் குலோத்துங்கன் எனவும் அறிஞர் கொள்வர். ஆண்டு கி.பி. 1070.

தமிழ்ச் சான்றுகள் இதே காலத்தை எவ்வாறு கூறுகின்றன? வீரராசேந்திரன் கல்வெட்டு விக்கிரமாதித்தன் தன் அடியை அடைந்தான் எனவும், தான் அவனுக்குக் கண்டிகை கட்டி இரட்டபாடியை அளித்தான் எனவும் கூறும். மண வினையை அது எடுத்துப் பேசுவதில்லை. ஒரே சந்திப்பில் ஒருவர் கண்ணுக்குச் சளுக்கியன் அடைக்கலம் புகுந்தவன். மற்றவர் கண்ணுக்குச் சோழன் மகட்கொடை நேர்ந்தவன். அதிராசேந்திரன் கல்வெட்டுக்கள் மூன்றாம் ஆட்சியாண்டளவும் கிடைத்தலின், அவன் ஆண்டமை ஐயத்திற்கு இடமின்றி உறுதி. ஆயின் அவன் முடிவைக் குலோத்துங்கன் மெய்க்கீர்த்தி கூறவில்லை. தென்திசைத் திருமகளின் பொதுமையைக் குலோத்துங்கன் நீக்கினான் என்னும் அளவில் அது நிற்கின்றது. செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியோ, சோழ மன்னன் மறைந்தபின் நாடு முறைகெட்டுக் கலங்கியதையும், அபயன் வந்து அதனை நிறுத்தியதையும் பாடுகின்றது. அதிராசேந்திரன் பெயரை அது கூறவில்லை.

மூன்றாம் குரல் ஒன்றும் உண்டு. வேங்கி நாட்டில் குலோத்துங்கன் மக்கள் வெளியிட்ட வடமொழிச் செப்பேடுகள் அவனைக் கீழைச் சளுக்கிய மரபில் வைத்து, முதலில் வேங்கி அரசையும் பின்னர் அதனினும் மேம்பட்ட சோழ அரசையும் பெற்றவனாகப் போற்றுகின்றன. தந்தை இராசராச நரேந்திரன் வழியில் அவன் சளுக்கியன். தாய் அம்மங்கை வழியில் சோழன், முதலாம் இராசேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன். கோதாவரிக் கரையில் கேட்போர்க்கு அவன் தம் நாட்டு இளவரசன் உயர்நிலை எய்தியவன். பொன்னிக் கரையில் கேட்போர்க்கு அவன் ஆளில்லா நாட்டைக் காத்தவன். துங்கபத்திரைக் கரையில் கேட்போர்க்கு அவன் மைத்துனன் அரசைக் கவர்ந்தவன்.

இம்மூன்றனுள் பில்கணர் கூற்றையே நடுவுநிலைச் சான்றாகக் கொள்வாரும் உளர். அயலார் என்பதனாலேயே ஒருவர் நடுவர் ஆகார். பில்கணரின் தலைவன் கி.பி. 1076 இல் தன் தமையன் இரண்டாம் சோமேசுவரனை நீக்கி அரசு எய்தியவன். அதனைப் பாடும்போது தமையன் தீயவன் எனப் புலவர் கூறிவிடுகின்றார். தன் தலைவன் செயலுக்கு நியாயம் கண்ட புலவர், பகைவனின் அதனையொத்த செயலைக் கவர்தல் எனக் கூறுகின்றார். ஆகவே, அதிராசேந்திரன் கொல்லப்பட்டான் என்னும் நிகழ்ச்சியைப் பில்கணரிடமிருந்து ஏற்கலாம். குலோத்துங்கனே அதற்குப் பொறுப்பு என்னும் குறிப்பினை அவர் சொல் ஒன்றைக்கொண்டே ஏற்றல் இயலாது. நிகழ்ச்சியையும் அதன்மேல் ஏற்றிய தீர்ப்பையும் பிரித்தறிதலே திறனாய்வாளன் முதற்கடன்.

ஒரு வாய், பல மொழி

இதுகாறும் வெவ்வேறு அவைகள் வெவ்வேறு மொழியிற் கூறியவற்றைக் கண்டோம். ஒரே அவை இரு மொழியிற் பேசும்போதும் இவ்வேறுபாடு தோன்றுதல் உண்டு. முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகளால் ஆயவை. அவற்றின் வடமொழிப் பகுதி குலமுறையையும் கங்கைப் படையெடுப்பையும், கங்கைநீரால் ஆன வெற்றித்தூணாகிய ஏரியையும் பாடுகின்றது. தமிழ்ப் பகுதியோ கொடையளித்த ஊரின் எல்லையையும், இறைக்கும் வரிக்கும் உரிய உரிமைகளையும், கையொப்பமிட்ட அலுவலரையும் கணக்காகப் பதிகின்றது. நாடு கடந்த புலவரவைக்கு ஒரு செய்தி. எல்லைக்கல் அருகே நின்று வாதிட வேண்டிய ஊரார்க்கு ஒரு செய்தி. அவ்வேரி ஜெயங்கொண்டத்தை அடுத்துப் பொன்னேரி என்னும் பெயரால் இன்றும் உள்ளது.

இதன் முதிர்ந்த வடிவினை இலங்கைக் காலியிற் காணலாம். சீன நாட்டுக் கடற்படைத் தலைவர் செங் கோ நாட்டுவித்த மும்மொழிக் கல்வெட்டு கி.பி. 1409 ஆம் ஆண்டு நாளிட்டது. 1911 இல் காலியிற் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் சீனமொழிப் பகுதி காணிக்கைகளைப் புத்தர்க்கு உரியனவாகக் கூறும். தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார்க்கு உரியனவாகக் கூறும். பாரசீகப் பகுதி அல்லாவுக்கு உரியனவாகக் கூறும். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் எனக் காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் பெரிதும் ஒத்தது. ஒரே கல்லின் முகத்தில் மூன்று மொழியினர் மூன்று செய்தி படித்தனர். மூன்றையும் படிக்கவல்லவனே அங்கு நிகழ்ந்தது யாதென முழுதும் அறிந்தவன்.

இக்காலத்திற்கு இதன் பொருத்தம்

பத்திரிகைக் காலத்தில் இந்நிலை மாறிற்றா? 1878 இல் ஆங்கிலத்தில் 'இந்து'வைத் தொடங்கிய அறுவருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயரே 1882 இல் தமிழில் 'சுதேசமித்திர'னைத் தொடங்கினார். ஆள்வோர்க்கும் கற்றோர்க்கும் சொல்லத்தக்கது ஒன்று, மக்கட்குச் சொல்ல வேண்டுவது மற்றொன்று என அவர் உணர்ந்தமைக்கு இது சான்று. இரு மொழிச் செய்தியும் ஒருவர் உள்ளத்தில் ஒருங்கே இருந்தவரை ஒன்று மற்றொன்றைத் திருத்தும் வாய்ப்பும் இருந்தது. அவ்வாய்ப்பு இல்லாதவிடத்து நேர்வது யாது என்பதற்குக் காவிரி வழக்கு நல்ல சான்று.

நடுவர் மன்றத்தின் 2007 ஆம் ஆண்டு இறுதித் தீர்ப்புத் தமிழ்நாட்டிற்கு 419 ஆயிரம் மில்லியன் கன அடி எனவும், கருநாடகத்திற்கு 270 எனவும் பங்கிட்டது. 2018 பிப்ரவரி 16 இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 எனவும், கருநாடகத்தின் பங்கை 284.75 எனவும் மாற்றியது. பிலிகுண்டுலுவில் விடவேண்டிய நீர் 192 இலிருந்து 177.25 ஆயிற்று. மாறிய அளவு 14.75 ஒன்றே. தமிழ்நாட்டில் அது குறைப்பு. கருநாடகத்தில் அது கூடுதல். தமிழ்நாட்டு நிலத்தடி நீரைக் கணக்கிற் கொண்டு 10 உம், பெங்களூர் நகரின் தேவைக்காக 4.75 உம் சேர்ந்தே அவ்வளவு ஆயிற்று என்னும் காரணமும், எந்த மாநிலமும் ஆற்றுக்குத் தனியுரிமை கொண்டாட இயலாது என அத்தீர்ப்புக் கூறியமையும் இரு மொழித் தலைப்புகளிலும் எளிதிற் பின்தள்ளப்படுவன. ஏழரை இலக்கமும் ஒன்பது இலக்கமும் போலத் தமக்கு வேண்டிய எண்ணை எடுத்தலும், கொப்பத்துச் செய்தி போலத் தமக்குத் தகுந்த இடத்தில் நிறுத்தலும் ஈண்டும் நிகழ்தல் இயல்பு.

வேறுபாடு ஒன்று உண்டு. ஒட்டூர்ச் சாசனத்தைப் படித்த கன்னட உழவன் தஞ்சைத் தமிழனை வாழ்நாளிற் கண்டிருத்தல் அரிது. இன்றோ இரு மொழியினரும் ஒரே நகரில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். 1991 டிசம்பரில், இடைக்காலத் தீர்ப்பு மைய அரசிதழில் வெளியானதை அடுத்துப் பெங்களூரில் நிகழ்ந்த வன்முறையில் தமிழர் உயிரும் உடைமையும் இழந்தனர். ஒருமொழிச் செய்தி இன்று கல்லில் உறங்குவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மொழியினம் செய்தியை வடிக்கும் வழிகள் நான்கெனத் தொகுக்கலாம். வேண்டிய எண்ணையும் பெயரையும் தெரிந்துகொள்ளல். தகுந்த இடத்திற் கதையை நிறுத்தல். பகைவன் செயலுக்குக் காரணத்தைத் தானே கற்பித்தல். கூறத்தகாததைக் கூறாது விடல். இவற்றுள் முற்றப் பொய்யுரைத்தல் அடங்காமை கருதத்தக்கது. ஆதலின், மெய்க்கீர்த்திகளை வெற்றுப் புகழ்ச்சியெனத் தள்ளுவாரும் தவறுவர். அவற்றையே முழு வரலாறெனக் கொள்வாரும் தவறுவர்.

தமிழ்த் துறைகளில் மெய்க்கீர்த்திகளையும் பரணியையும் ஆராயும் மாணவர் பலரும் கன்னடமோ தெலுங்கோ அறியாதவராகவே ஆய்வை முடிக்கின்றனர். அம்மொழிச் சாசனங்களை ஆங்கிலச் சுருக்கத்தின் வழியே, அதுவும் தமிழர்க்குச் சார்பான பகுதியளவில் அறிகின்றனர். இது மணிமங்கலக் கல்வெட்டினர் துங்கபத்திரைக் கரையில் நின்ற நிலையினின்று பெரிதும் வேறுபட்டதன்று. அவர்க்குப் போர் நடுவே மற்றவர் மொழியைக் கேட்க வழியில்லை. நமக்கு அத்தடை இல்லை. ஆதலின், சோழர் கால ஆய்வில் ஈடுபடும் முதுகலை மாணவர் அண்டை மொழிகளுள் ஒன்றனையேனும் சாசனம் படிக்குமளவு கற்றல் வேண்டும். துறைகள் அதனைப் பாடத்திட்டத்திற் சேர்த்தல் வேண்டும்.

தாராசுரத்திற் கிடைத்த வாயிற்காவலர் உருவம் ஒன்றுண்டு. கலியாணபுரத்தை எறிந்து இராசாதிராசன் கொணர்ந்தது இது என அதன் பீடத்தில் தமிழில் எழுதப்பட்டுள்ளது. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலில் உள்ள சூரியபீடமும் சளுக்கியர் கைவண்ணமாகவே கருதப்படுகின்றது. தமிழெழுத்தைப் படிக்கும் மாணவன் வெற்றியை அறிவான். அவ்வுருவைச் செதுக்கிய கல்தச்சன் எந்நாட்டான், எம்மொழி பேசினான், அவன் ஊரில் அந்நாளை எவ்வாறு நினைவுகூர்ந்தனர் என்பனவும் அதே கல்லைப் பற்றிய வினாக்களே. அவ்வினாக்களுக்கு விடை காண முயலும் ஆராய்ச்சி சோழர் புகழைக் குறைப்பதாகாது. அப்புகழை யார் யார் எவ்வாறு கேட்டனர் என்பதையும் உடன் அறிவிப்பதாகும்.